காணாப் பொருளும் அறிவின் அறமும்

ஒரு பொருளை ‘உளது’ என்று கூறுதற்கு மனிதனுக்கு உரிமை தருவது யாது என்னும் வினா மெய்யியலின் மிகத் தொன்மையான வினாக்களுள் ஒன்றாகும். தமிழுக்கும் அது புதியதன்று. மணிமேகலையின் இருபத்தேழாம் காதையிலே சமயக் கணக்கர் பலரும் தத்தம் கொள்கையை எடுத்துரைக்கின்றனர். அங்கே அளவைவாதி காண்டல், கருதல் முதலாகப் பத்து அளவைகளை வகுத்துக் கூறுகின்றான். பூதவாதியோ காட்சி ஒன்றையே ஏற்று, ஊகித்தறிதலை ஒதுக்கிவிடுகின்றான். இருபத்தொன்பதாம் காதையில் அறவண அடிகள் பௌத்த அளவையியலை விளக்குமிடத்துக் காட்சி, கருதல் என்னும் இரண்டினையும் கொள்கின்றார். சைவசித்தாந்திகள் இவ்விரண்டினோடு உரையையும் சேர்த்து மூன்றென்பர். கண்டது மட்டுமே உளதா, கண்டதைக் கொண்டு காணாததையும் உளதென்று துணியலாமா என்னும் வழக்கு இவ்வாறு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழிலே நடந்து வந்துள்ளது.

இவ்வழக்கு பழைய ஏடுகளோடு முடிந்துவிடவில்லை. பிரபஞ்சத்திலுள்ள சடப்பொருளின் பெரும்பகுதி எந்தத் தொலைகாட்டிக்கும் புலப்படாதது என்னும் முடிபுக்கு இருபதாம் நூற்றாண்டின் பௌதிகவியல் வந்து சேர்ந்தது. இருட்பொருள் என வழங்கும் அப்பெரும்பகுதி யாதென்பதற்குப் பல விடைகள் முன்வைக்கப்பட்டுள்ளன. இவ்வுலகிலுள்ள ஒவ்வொரு வகைத் துணிக்கைக்கும் கண்ணாடியிலே தோன்றும் பிரதிபிம்பம் போன்ற இணைத்துணிக்கை ஒன்று உண்டென்றும், அவற்றாலான பொருளே மறைந்து நிற்கின்றதென்றும் அவற்றுள் ஒன்று கூறுகின்றது. ஆடி என்னும் சொல் கண்ணாடியைக் குறிப்பதாதலின் இதனை ஆடிப்பொருள் என்று சுட்டலாம்.

ஆடிப்பொருள் உண்மையில் உளதா என்பது பௌதிகவியலார் தீர்க்கவேண்டிய வினா. ஆனால் அது தீரும்வரை அக்கருத்தை எத்தகைய மனநிலையோடு ஏற்பது, எவ்வளவு உறுதியோடு கூறுவது, எப்பொழுது கைவிடுவது என்பன அறம் பற்றிய வினாக்கள். அவை ஆய்வுகூடத்துக்கு வெளியே உள்ளோருக்கும் உரியன. கலையும் விஞ்ஞானமும் வெவ்வேறு கட்டடங்களிற் கற்பிக்கப்படினும் அவற்றினிடையே மதில் எழுப்ப வேண்டியதில்லை என்பதற்கு அம்பாறைக் கரையோரமே சான்று தரும். கல்முனைக்குத் தெற்கே காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் விஞ்ஞானப் பட்டதாரி. விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியர். அவரே 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதலாவது தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்தார் என்பது மனங்கொள்ளத்தக்கது.

காணாததை அறிதல் என்பது அக்கரையோர மக்களுக்குப் பழக்கமான செயலுமாகும். இஸ்லாமிய மாதத்தின் இருபத்தொன்பதாம் நாள் மாலையிலே மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று ஆகிய ஊர்களில் மக்கள் பிறை தேடுவர். கடல் கிழக்கே இருப்பதால், அவர்தம் பார்வை கடலை விட்டு மேற்கே வயல்வெளிகளுக்கு அப்பாலுள்ள அடிவானத்தை நோக்கும். பிறை தென்பட்டால் மறுநாள் புதிய மாதம். தென்படாவிடின் நடப்பு மாதம் முப்பதாகப் பூர்த்தி செய்யப்படும். பிறை தென்படாத மாலையில் சந்திரன் இல்லாது போயிற்று என்று அவருள் எவரும் கருதுவதில்லை. காணுதல் என்பது இங்கே வணக்கக் கடமையின் தொடக்கத்துக்கு விதிக்கப்பட்ட நிபந்தனை. சந்திரனின் இருப்புக்கு அது நிபந்தனையாகாது. ஒரு பொருள் உளதாதல் வேறு, அதனைக் கொண்டு செயலிற் புகுதற்கு வேண்டிய சான்று வேறு என்னும் நுண்ணிய வேறுபாட்டை அம்மக்கள் கல்விக்கூடத்தின் துணையின்றியே கைக்கொண்டுள்ளனர்.

சந்திரன் சிறிதும் புலப்படாத அமாவாசையன்றும் கடல் அதனை அறியும். ஞாயிறும் திங்களும் ஒரே திசையிலிருந்து ஈர்ப்பதனால் அந்நாட்களில் வற்றுப்பெருக்கின் வீச்சு மிகுகின்றது. இலங்கைக் கரைகளில் அவ்வீச்சு ஒரு மீற்றருக்கும் குறைவானதே. ஆயினும் அளவுகோல் நாட்டிப் பார்ப்போர் அதனைத் தவறாது காண்பர். ஒளியைத் தராத பொருளும் ஈர்ப்பினாலே தன்னைக் காட்டிக்கொடுக்கின்றது என்பதே இதன் பொருள். இருட்பொருள் பற்றிய ஆராய்ச்சி முழுவதும் இந்த ஒரு கருத்தின்மீதே கட்டப்பட்டுள்ளது.

1933இல் பிரித்சு சுவிக்கி என்னும் வானியலாளர் கோமா எனப்படும் விண்மீன் திரள்களின் கூட்டத்தை ஆராய்ந்தார். அக்கூட்டத்தின் உறுப்புக்கள் மிக விரைவாக இயங்கின. கண்ணுக்குத் தெரிந்த திணிவு மட்டுமே அங்கு உளதாயின் அவை எப்பொழுதோ சிதறிப் போயிருக்கவேண்டும். அவற்றைக் கட்டிவைத்திருப்பது காணாத திணிவு ஒன்றே என அவர் முடிபு செய்தார். 1970இல் வேரா ரூபினும் கெண்ட் போட்டும் அந்திரோமேதா விண்மீன் திரளின் சுழற்சியை அளந்து வெளியிட்டனர். ஞாயிற்றுத் தொகுதியிலே தொலைவிலுள்ள கோள்கள் மெதுவாக இயங்குவது போல, திரளின் ஓரத்திலுள்ள விண்மீன்களும் மெதுவாக இயங்கவேண்டும். அவ்வாறு வேகம் குறையவில்லை. பிற திரள்களிலும் பின்னர் இதுவே காணப்பட்டது. பிரபஞ்சத்தின் தொடக்கக் கதிர்வீச்சைப் பிளாங்கு என்னும் விண்கலம் அளந்ததிலிருந்து பெறப்படும் கணக்கின்படி, பிரபஞ்சத்தின் மொத்தச் சக்தியில் அறியப்பட்ட சாதாரண பொருள் ஏறத்தாழ 5 சதவீதம், இருட்பொருள் ஏறத்தாழ 27 சதவீதம், எஞ்சியது இருட்சக்தி. விண்மீனும் மண்ணும் கடலும் மனிதனும் ஆகிய அனைத்தும் அந்த 5 சதவீதத்துள் அடங்கிவிடும்.

ஈர்ப்பின் சுவட்டைக் கொண்டு காணாப்பொருளைத் துணிதல் விஞ்ஞானத்துக்கு வெற்றியையும் தந்துள்ளது, தோல்வியையும் தந்துள்ளது. இரண்டும் ஒரே மனிதர் வாழ்வில் நிகழ்ந்தமை சிந்தனைக்குரியது. யுரேனசுக் கோள் கணக்கிட்ட பாதையிலிருந்து விலகிச் செல்வதைக் கண்ட பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே, காணாத கோளொன்று அதனை ஈர்க்கின்றதெனக் கொண்டு அதன் இடத்தையும் கணித்தார். 1846 செத்தெம்பர் 23ஆந் திகதி பேர்லினிலே காலே என்பவர் தொலைகாட்டியைத் திருப்பியபோது, கணித்த இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் நெத்தியூன் அகப்பட்டது. அதே லெவெரியே 1859இல் புதன் கோளின் பாதையிலும் ஒரு சிறு பிறழ்வைக் கண்டார். அதே முறையைக் கையாண்டு, ஞாயிற்றுக்கு அண்மையிலே இன்னொரு காணாக் கோள் உளதென்றார். அதற்கு வல்கன் என்று பெயரும் இடப்பட்டது. கண்டதாகச் சொன்னோரும் இருந்தனர். ஆயினும் வல்கன் இல்லை. நூற்றாண்டுக்கு 43 விகலை அளவினதான அப்பிறழ்வு, 1915இல் ஐன்சுரைன் ஈர்ப்புக் கொள்கையையே திருத்தியமைத்தபோது தானாகவே விளங்கிற்று.

ஒரே அறிஞர், ஒரே முறை, ஒரே நேர்மை. ஒன்றிலே பொருள் கிடைத்தது. மற்றதிலே விதி மாறிற்று. எனவே ஈர்ப்பின் சுவடு ‘ஏதோ ஒன்று தவறவிடப்பட்டுள்ளது’ என்பதை மட்டுமே உறுதியாகக் கூறும். தவறவிடப்பட்டது பொருளா விதியா என்பதைத் தன்னளவிற் கூறாது. இருட்பொருள் விடயத்திலும் இத்தகைய மாற்று வழி உண்டு. மில்குறோம் என்பவர் 1983இல் நியூற்றனின் விதியை மிகச்சிறிய ஆர்முடுகல்களுக்குத் திருத்தினால் காணாப்பொருள் இன்றியே திரள்களின் சுழற்சியை விளக்கலாம் என்றார். மறுபுறம், ‘சன்னத் திரட்கூட்டம்’ எனப்படும் இரு கூட்டங்களின் மோதலை ஆராய்ந்தோர், வாயுப்பொருள் நடுவே தங்கிவிட, திணிவின் பெரும்பகுதி அதனின்று பிரிந்து அப்பாற் சென்றிருத்தலை 2006இற் காட்டினர். விதியைத் திருத்துவோருக்கு இது விளக்கக் கடினமானது. இன்று பெரும்பாலான பௌதிகவியலார் காணாப்பொருளின் பக்கமே நிற்கின்றனர். எனினும் அதன் துணிக்கையொன்று இதுவரை எந்த ஆய்வுகூடத்திலும் பிடிபட்டதாக ஏற்கப்படவில்லை.

ஆடிப்பொருள் என்னும் கருத்தோ ஈர்ப்பினின்றும் தோன்றியதன்று. இடம், வலம் என்னும் வேறுபாட்டிலிருந்து தோன்றியது. கடலிற் கிடைக்கும் சங்குகளில் மிகப் பெரும்பாலானவை ஒரே பக்கமாகப் புரிந்தவை. மறுபக்கமாகப் புரிந்த வலம்புரி மிக அரிது. அதனாலேயே அதற்கு விலையும் மதிப்பும் ஏற்பட்டன. சங்கு ஒருபாற் கோடினும் இயற்கையின் அடிப்படை விதிகள் ஒருபாற் கோடாதவை என்றே பௌதிகவியலார் நெடுங்காலம் நம்பியிருந்தனர். கண்ணாடியிலே காணப்படும் எந்நிகழ்ச்சியும் இயற்கையிலும் நிகழக்கூடியதே என்பது அந்நம்பிக்கை. 1956இல் லீ, யாங் என்னும் இரு சீன அறிஞர்கள், கதிரியக்கத்துக்குக் காரணமாகிய மென்விசையைப் பொறுத்தமட்டில் இந்நம்பிக்கை சோதிக்கப்படவே இல்லை என்று சுட்டிக்காட்டினர். வூ என்னும் பெண் விஞ்ஞானி தம் குழுவினருடன் வாசிங்டனிலே அச்சோதனையை நடத்தினார். தனிப்பூச்சியத்துக்கு அண்மையிற் குளிரவைத்த கோபாற்று அணுக்கருக்களை ஒரே திசையிற் சுழலச்செய்து நோக்கியபோது, வெளிப்பட்ட இலத்திரன்கள் சுழற்சியச்சின் ஒரு பக்கமாகவே மிகுதியாகச் சென்றன. 1957 சனவரியில் முடிபு வெளியாயிற்று. மென்விசை இடம்புரியை மட்டுமே அறியும், வலம்புரியை அறியாது.

இந்நிகழ்ச்சியோடு தொடர்புடைய இன்னொரு வரலாறும் உண்டு. பாகிஸ்தானிய விஞ்ஞானி அப்துஸ் சலாம், யாங்கின் உரையைக் கேட்டுத் திரும்பும் விமானப் பயணத்திலேயே நியூத்திரினோ என்னும் துணிக்கையின் இயல்பைக் கொண்டு இச்சமச்சீரின்மையை விளக்கும் கருத்தொன்றை உருவாக்கினார். அதனைப் பேரறிஞர் பௌலிக்கு அனுப்பியபோது, இதனிலும் நல்லதொன்றைச் சிந்திக்குமாறு பௌலி சொல்லியனுப்பினார். படைப்பு இடக்கைப் பழக்கமுடையது என்பதை அவரால் நம்ப முடியவில்லை. சில மாதங்களில் வூவின் சோதனை முடிபு வந்தது; பௌலி தம் தவற்றை ஒப்புக்கொண்டார். 1979இல் நோபல் பரிசில் பங்கு பெற்ற சலாம், தம் நோபல் உரையிலே இதனை நகைச்சுவையோடு எடுத்துக் கூறினார்.

லீயும் யாங்கும் தம் கட்டுரையின் இறுதியிலே ஒரு வழியைத் திறந்துவைத்தனர். எதிர்ப்புரியுடைய புரோத்தன் போன்ற துணிக்கைகளும் உளவாயின், இரண்டையும் சேர்த்து நோக்குமிடத்து இயற்கை மீண்டும் சமச்சீர் உடையதாகும் என்பதே அவ்வழி. 1966இல் சோவியத் அறிஞர்களான கொப்சரெவ், ஒக்கூன், பொமெரன்சுக் ஆகியோர் இதனை ஆராய்ந்து, அத்தகைய துணிக்கைகள் உளவாயின் அவை இவ்வுலகின் மின்காந்த விசையிலோ அணுக்கரு விசையிலோ பங்குகொள்ள இயலாது என்று காட்டினர். 1991இல் புட், லூ, வொல்காசு ஆகியோர் அக்கருத்துக்குத் தற்காலத் துணிக்கைப் பௌதிகத்தின் வடிவத்தை அளித்தனர். இதன்படி ஆடி இலத்திரன், ஆடிப் புரோத்தன், ஆடி ஒளித்துணிக்கை என அனைத்தும் உண்டு. அவற்றின் திணிவுகள் இங்குள்ளவற்றின் திணிவுகளே. அங்கும் அணுக்கள் அமையும்; விண்மீன்கள் எரியும். ஆனால் அவற்றின் ஒளி இங்குள்ள எந்தக் கண்ணிலும் படாது. இங்குள்ள ஒளி அங்கு படாது. இரண்டுக்கும் உறுதியாகப் பொதுவானது ஈர்ப்பு ஒன்றே.

ஒளியைத் தராது ஈர்ப்பை மட்டும் தரும் பொருள் என்பதே இருட்பொருளின் இலக்கணமாதலால், ஆடிப்பொருள் அவ்விடத்துக்கு இயல்பாகவே பொருந்துகின்றது. ஆயினும் பொருத்தம் எளிதானதன்று. இரு பகுதிகளின் விதிகளும் ஒன்றாயின் அளவும் ஒன்றாக இருத்தல் வேண்டுமே. இருட்பொருளோ சாதாரண பொருளிலும் ஐந்து மடங்குக்கு மேற்பட்டது. பிரபஞ்சத்தின் தொடக்கத்திலே ஆடிப்பகுதியும் இதே வெப்பநிலையில் இருந்திருப்பின் பிரபஞ்சம் வேறொரு வேகத்தில் விரிந்து, ஈலியத்தின் அளவு இன்று காணப்படும் அளவோடு மாறுபட்டிருக்கும். எனவே ஆடிப்பகுதி தொடக்கத்திலேயே குளிர்ந்திருந்தது என்று கொள்ளவேண்டியுள்ளது. மேலும், தன்னோடு தான் மோதி ஒளிவீசிக் குளிரும் பொருள் காலப்போக்கிலே தட்டையாகப் படிந்துவிடும். இருட்பொருளோ திரள்களைச் சூழ்ந்து பருத்த உருண்டை போலப் பரந்திருக்கின்றது. அங்குள்ள விண்மீன்கள் வெடித்து அப்பொருளைச் சூடாக வைத்திருக்கின்றன என்பன போன்ற துணைக்கருத்துக்கள் தேவைப்படுகின்றன. சமச்சீரைக் காக்கப் பிறந்த கருத்து, தொடக்க நிலையிலே சமச்சீரின்மையைக் கடன்வாங்கி நிற்றல் இங்கு ஊன்றி நோக்கத்தக்கது.

இக்கருத்தைச் சோதனைக்கு உட்படுத்தும் முயற்சிகளும் நடந்துள்ளன. அணுக்கருவுக்கு வெளியே உள்ள நியூத்திரன் சராசரியாக எவ்வளவு நேரம் நிலைக்கும் என்பதை இருவழிகளில் அளப்பர். கலத்திலே அடைத்து எஞ்சியவற்றை எண்ணினால் ஏறத்தாழ 878 செக்கன். கற்றையாகச் செலுத்தி, சிதைவில் தோன்றும் புரோத்தன்களை எண்ணினால் ஏறத்தாழ 888 செக்கன். அந்தப் பத்துச் செக்கன் வேறுபாட்டுக்குக் காரணம், சில நியூத்திரன்கள் ஆடி நியூத்திரன்களாக மாறுவதாய் இருக்கலாமோ என்று சிலர் வினவினர். அவ்வாறாயின், நியூத்திரன்களை முற்றாகத் தடுக்கும் சுவரொன்றை அவை ஆடிவடிவிற் கடந்து, அப்பால் மீண்டும் நியூத்திரனாய்த் தோன்றுதல் கூடும். அமெரிக்காவின் ஓக் றிட்ச் ஆய்வுகூடத்திலே இத்தகைய சுவரொன்றை நிறுத்தித் தேடிப்பார்த்தனர். 2022இல் வெளியான முடிபு சுருக்கமானது: சுவரைக் கடந்து வந்தவை எவையும் இல்லை. இதனாலே ஆடிப்பொருள் முழுமையும் பொய்த்துவிடவில்லை. அக்கருத்தின் ஒரு கிளை மட்டும் வெட்டப்பட்டது.

இங்கேதான் மெய்யியல் வினா கூர்மை பெறுகின்றது. ஆடிப்பொருளை நம்பத் தூண்டும் முதற்காரணம் அழகு. இயற்கை ஒருபாற் கோடாதிருத்தல் வேண்டும் என்னும் விருப்பமே அதனை ஈன்றது. அதே விருப்பமே 1956இல் பௌலி போன்ற பேரறிவாளரையும் வழிதவறச் செய்தது. மனிதனின் அழகுணர்ச்சிக்கு இணங்கி நடக்க இயற்கை கடமைப்பட்டதன்று. எனினும் அழகுணர்ச்சியை முற்றாக ஒதுக்குதலும் பொருந்தாது. எங்கே தேடுவது என்பதைப் பலமுறை அதுவே சரியாகக் காட்டியுள்ளது. அழகு ஒருவனைத் தேடத் தூண்டலாம். கண்டடைந்துவிட்டதாகச் சாட்சி சொல்ல அதற்கு உரிமையில்லை. ஒரு கருத்தை ஆராய்வதற்கு வேண்டிய தகுதி வேறு, அதனை உண்மையென்று அறிவிப்பதற்கு வேண்டிய தகுதி வேறு. பிறை விடயத்திலே மக்கள் பேணும் வேறுபாட்டுக்கு இஃது இனமானது.

இத்துணை நுண்மை எதற்கு, காணாததைப் பற்றிப் பேசாதிருத்தலே பாதுகாப்பான வழியன்றோ என்று பூதவாதியின் வழிநிற்போர் கேட்கலாம். அவர்களுக்குக் கல்முனைக் கரையின் அண்மைக்கால வரலாறே விடையளிக்கும். 2004 திசெம்பர் 26ஆந் திகதி காலை ஏறத்தாழ ஏழு மணிக்குச் சுமாத்திராவுக்கு அப்பாற் கடலடியிலே பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. அதனாலெழுந்த அலை ஆழ்கடலிலே ஒரு மீற்றரிலும் குறைந்த உயரமுடையதாய், கப்பலில் இருப்போரும் உணராதவாறு, விமானத்துக்கு ஒப்பான வேகத்தில் விரைந்தது. இலங்கையின் கிழக்குக் கரையை அடைய அதற்கு இரண்டு மணிநேரம் அளவிற் சென்றது. நிலநடுக்கமானிகளின் ஊசிகள் சில நிமிடங்களிலேயே செய்தியை வரைந்துவிட்டன. அச்சுவட்டைப் படித்து, காணாத அலையைத் துணிந்து, கரையிலுள்ளோரை எச்சரிக்கும் ஒழுங்கு இந்துமாகடலில் அன்று இருக்கவில்லை. மருதமுனை தொடக்கம் தெற்கே நீளும் கரையோர ஊர்கள் சிதைந்தன. இலங்கையில் மிகக்கூடிய உயிரிழப்பு அம்பாறை மாவட்டத்திலேயே நேர்ந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அலை கண்ணுக்குத் தெரிந்தபொழுது ஓடுவதற்கு நேரம் எஞ்சியிருக்கவில்லை. கண்டபின்பே நம்புவேன் என்னும் கொள்கைக்கு மனித உயிரால் விலை செலுத்தப்படுதலும் உண்டு.

2012 ஏப்பிரல் 11ஆந் திகதி அதே திசையிலே மீண்டும் ஒரு பெரும் நிலநடுக்கம் நிகழ்ந்தது. அப்பொழுது எச்சரிக்கை ஒழுங்குகள் அமைந்திருந்தன. கரையோர மக்கள் வெளியேறுமாறு கேட்கப்பட்டனர், வெளியேறினர். கடலடித் தட்டுக்கள் செங்குத்தாக எழாது பக்கவாட்டிலே நழுவியமையால் அழிவுதரும் அலை தோன்றவில்லை, எச்சரிக்கை மீளப்பெறப்பட்டது. அந்நாளில் எச்சரித்தோர் பொய்யுரைத்தவராகார். கிடைத்த சுவட்டுக்கேற்பத் துணிந்தனர். சோதித்தறியும் வழியையும் திறந்து வைத்திருந்தனர். மறுத்துரைக்கும் சான்று வந்ததும் தம் கூற்றை மீட்டுக்கொண்டனர். நெத்தியூனுக்கும் வல்கனுக்கும் இடையே கற்கத்தக்க பாடமும் இதுவே. காணாததைத் துணிதலில் தவறு நேரலாம். மீட்டுக்கொள்ள மறுக்கும்பொழுதே அத்தவறு குற்றமாகின்றது.

இதற்கு எதிர்த்திசையிலான வழுவொன்றும் உண்டு. கண்ணுக்குப் புலப்படாது, அருகிலே ஊடுருவி நிற்கும் உலகொன்று இருத்தல் கூடுமென்று விஞ்ஞானம் கூறக் கேட்டதும், தம் சமயம் கூறும் மறைவான உலகமே அது என்று துள்ளி எழுவோர் எல்லாச் சமயத்தாரிடத்தும் உளர். ஆடிப்பொருள் ஜின்களின் உலகம் என்றோ, தேவலோகம் என்றோ கூறிவிடுதல் எளிது, கேட்போருக்கும் மகிழ்ச்சி. ஆனால் சமயம் கூறும் மறைவானவை நம்பிக்கைக்கும் வணக்கத்துக்கும் உரியன. சுவரை நிறுத்திச் சோதிக்கப்படுவன அல்ல. ஆடிப்பொருளோ சோதனைக்குத் தன்னை ஒப்புக்கொடுத்த கருதுகோள். நாளை பொய்க்கவும் கூடும். இரண்டையும் ஒரே கயிற்றாற் பிணித்தவர், ஓக் றிட்ச் முடிபு வெளியான அன்று தம் நம்பிக்கையின் ஒரு பகுதி வெட்டப்பட்டதென ஒப்புக்கொள்வாரா? ஒப்புக்கொள்ளாராயின் அவர் பிணித்தது உண்மையான பிணைப்பன்று; வெற்றியில் மட்டும் பங்குகேட்கும் கூட்டு.

இமாம் கஸ்ஸாலி இந்த இடர்ப்பாட்டைப் பதினோராம் நூற்றாண்டிலேயே உணர்ந்திருந்தார். மெய்யியலாளரின் முரண்பாடுகளை எடுத்துக்காட்ட எழுதிய தம் நூலின் முன்னுரையிலே, கிரகணம் பற்றிய வானியல் விளக்கத்தை மறுப்பது மார்க்கக் கடமையென்று எண்ணுவோர் மார்க்கத்துக்குத் தீங்கே செய்கின்றனர் என அவர் எச்சரித்தார். கணிதத்தால் நிறுவப்பட்டதை மார்க்கத்தின் பெயரால் மறுத்தால், ஐயம் கணிதத்தின்மீது விழாது; மார்க்கத்தின்மீதே விழும் என்பது அவர் வாதத்தின் சாரம். அவர் மறுப்போரை நோக்கிக் கூறியது, அவசரமாகத் தழுவுவோருக்கும் பொருந்தும். நிறுவப்படாத கருதுகோளை நம்பிக்கைக்குத் தூணாக நாட்டுவோர், பிறிதொருவர் ஆய்வுகூடத்திலே அத்தூண் சரியும்போது தாங்குவதற்கு ஒன்றுமின்றி நிற்பர். அடக்கம் இங்கே அறிவுக்கு மட்டுமன்றி நம்பிக்கைக்கும் அரணாகின்றது.

ஆடிப்பொருட் கருத்து நாளை பொய்த்துப்போயினும் அது விட்டுச்செல்லும் ஒரு சிந்தனை நிலைக்கத்தக்கது. அக்கருத்தின்படி ஆடியுலகம் இருண்டதன்று. அங்கே விண்மீன்கள் தம் ஒளியோடு எரிகின்றன. அங்கு நோக்குவோர் எவரேனும் உளராயின், தம் கணக்கிலே பொருந்தாத ஈர்ப்பொன்றைக் கண்டு, இவ்வுலகையே இருட்பொருள் என்று பெயரிடுவர். எனவே இருள் என்பது அப்பொருளின் குணமாகாது. நோக்குவோரின் ஒளி எட்டும் எல்லைக்கு இட்ட பெயராகும். அம்பாறைக் கரையிலே தமிழூரும் முஸ்லிமூருமாக மாறிமாறி அமைந்து, ஒரே நெடுஞ்சாலையால் இணைந்து, ஒரே மொழியைப் பேசும் மக்களுக்கு இச்சிந்தனை வானியலோடு நின்றுவிட வேண்டியதில்லை. அடுத்த ஊராரின் துயரமோ நியாயமோ தம் கண்ணிற் படவில்லை என்பதனால் அவை இல்லையென்று கொள்ளும் பழக்கம் அங்கு மட்டுமன்றி எங்கும் உண்டு. பௌதிகவியலோடு இதனை ஒன்றெனக் கூறுதல் மிகையாகும். ஆயினும், தன் பார்வைக்கு எட்டாததைப் பிறர்பால் உள்ள குறையாகக் கருதாமை இரண்டிடத்தும் ஒரே ஒழுக்கமே.

ஆகவே, காணாததை உளதென்று கூறுதற்கு மனிதனுக்கு உரிமை உண்டு. அவ்வுரிமை கடமைகளோடு கூடியது. எந்தச் சுவட்டைக் கொண்டு துணிந்தேன் என்பதை அவன் வெளிப்படுத்தல் வேண்டும். எது நேர்ந்தால் தன் கூற்றைக் கைவிடுவான் என்பதை முன்னரே சொல்லுதல் வேண்டும். விருப்பத்தைச் சான்றென்று காட்டாதிருத்தல் வேண்டும். இவற்றை நிறைவேற்றுவோன் ஆடிப்பொருளை உளதென்று வாதிக்கலாம், இலதென்றும் வாதிக்கலாம், இரு நிலையிலும் அவன் அறிவின் நேர்மையினின்று வழுவியவனாகான். ஈர்ப்பு மட்டுமே அறிந்துள்ள அப்பெரும்பொருள் ஆடியுலகமா, வேறொரு துணிக்கையா, அன்றி விதியின் திருத்தமா என்பதைக் காலம் தீர்க்கும். தீரும்வரை பொறுத்திருந்து, தேடுவதையும் நிறுத்தாதிருத்தலே கல்வியாளர்க்குரிய நெறியாகும்.